ட்ரைக்கோடெர்மா பவுடர் 1 கிலோ, 38 மலேசிய வெள்ளி: ஆலிவ் மரம் வாடுதுன்னு வாங்கி எட்டு மாசம் ஆச்சு

இது செடி வாடல் நோய்க்குன்னு மண்ணுல கலக்குற ஒரு நல்ல பூஞ்சைப் பவுடர். மொதல்லயே சொல்லிடறேன், 5க்கு 3 ஸ்டார். பாதிப் பேரு வேலை செய்யுதா இல்லையான்னு மட்டும் பார்த்துட்டு போயிடுவீங்க, அவங்களுக்கு பதில் இதுதான்: வாடிப்போன மரத்தை பொழைக்க வைக்காது, நல்லா இருக்கிற செடிக்கு முன்கூட்டியே போட்டா கொஞ்சம் பிரயோஜனம் இருக்கும் போல. நேரம் இருக்கிறவங்க மேல படிங்க, கொஞ்சம் நீளமாத்தான் எழுதப்போறேன், ஏன்னா இந்த பவுடரை வாங்கிட்டு நான் பண்ணின கூத்தை யாரும் பண்ணக்கூடாது.

நாங்க கோலாலம்பூர் செந்தூல்ல தரை வீடு. கார் போர்ச்ல ஒரு பக்கம் காடி, இன்னொரு பக்கம் என் செடிங்க, நடுவுல என் மாமியாரோட பிளாஸ்டிக் நாற்காலி. போன வருஷம் தீபாவளிக்கு முன்னாடி சுங்கை பூலோ பக்கம் போனோம், அங்க அந்த பழைய தொழுநோய் குடியிருப்பு இருக்கே, 1930ல தொறந்தது, அதைச் சுத்தி வரிசையா நர்சரிங்க, போனா வெறுங்கையோட திரும்ப முடியாது. ஒரு கடையில ஆலிவ் மரம் இருந்துச்சு, என் தோள் உயரம், அந்த வெள்ளி கலந்த பச்சை இலை, காத்துல திரும்பும்போது பளபளன்னு இருக்கும். 260 வெள்ளி. வீட்டுக்காரர் வேணாம்னார், நான் கேக்கல. கடைக்காரர் வேற "இது வறண்ட ஊரு மரம்மா, தண்ணி ஊத்தினாலும் ஊத்தாட்டியும் சாகாது"ன்னு சொல்லி ஏத்தி விட்டார். காய்க்குமான்னு கேட்டதுக்கு மட்டும் சிரிச்சார். அந்த சிரிப்புக்கு அர்த்தம் அப்புறம்தான் புரிஞ்சுது, ஆலிவ் பூக்கறதுக்கு குளிர்காலம் ஒண்ணு வேணுமாம், நம்ம ஊர்ல அதுக்கு எங்க போறது.

காய்க்காட்டி என்ன, பார்க்க அழகா இருந்துச்சு. பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய்க்கார அம்மா) பார்த்துட்டு "போக்கோக் ஸைத்தூன்!" (ஆலிவ் மரம்)னு ஓடி வந்து ரெண்டு இலை பறிச்சுட்டு போனாங்க. என் மாமியாருக்கு அதுதான் இன்னைக்கு வரைக்கும் காரணம், அன்னைக்கு பட்ட கண்ணுதானாம்.

நாலு மாசம் நல்லா இருந்துச்சு. அப்புறம் ஒரு பக்கத்து கிளை மட்டும் இலை உள்பக்கமா சுருண்டுச்சு, பச்சையும் இல்லாம காஞ்சதும் இல்லாம ஒரு மங்கின கலர், அப்புறம் அப்படியே காஞ்சு கிளையிலேயே ஒட்டிக்கிட்டு நின்னுச்சு, கீழ கூட விழல. மரத்தோட மறுபக்கம் ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கு. தண்ணி பத்தலன்னு நெனச்சு இன்னும் ஊத்தினேன். (இது எவ்ளோ பெரிய தப்புன்னு கீழ வரும்.) மாமியார் எலுமிச்சம்பழமும் மொளகாயும் கோத்து தொங்கவிட்டாங்க. நான் ராத்திரி பூரா போனை நோண்டி, ஆலிவ் மரம் ஒரு பக்கம் மட்டும் காயுதுன்னு தேடித்தேடி, கடைசில வெர்ட்டிசிலியம் வாடல்னு ஒரு பேரைக் கண்டுபிடிச்சேன். அதை படிச்சதும் தூக்கம் போச்சு.

ஏன்னா அது சும்மா நோய் இல்ல. ஸ்பெயின், இத்தாலி, கிரீஸ், துருக்கின்னு ஆலிவ் வெளையிற ஊரெல்லாம் அதுக்கு பயப்படுறாங்க. மண்ணுல இருக்கிற பூஞ்சை, வெர்ட்டிசிலியம் டாலியேன்னு பேரு, வேர் வழியா உள்ள போயி மரத்துக்குள்ள தண்ணி ஏர்ற குழாயிலயே குடித்தனம் பண்ணி அடைச்சிடுது. அதனாலதான் மண்ணு ஈரமா இருந்தும் கிளை தாகத்துல காயுது. அதை விட மோசம், கண்ணுக்குத் தெரியாத கறுப்பு மணி மாதிரி ஒண்ணை மண்ணுல விட்டுட்டு போகுமாம், மரத்தையே பிடுங்கிப் போட்டாலும் அந்த மணி பத்து வருஷத்துக்கு மேல உயிரோட கெடக்கும். காஞ்ச இலை கீழ விழுந்து மக்கினா இன்னும் நெறைய மண்ணுக்கு போகும். பருத்தி, கத்திரி, தக்காளி, உருளைக்கெழங்கு எல்லாத்துக்கும் இதே பூஞ்சைதான், தென் ஸ்பெயின்ல பருத்தி போட்ட நெலத்துல ஆலிவ் நட்டு சொட்டுநீரும் விட்ட எடத்துல நெறைய மரம் போயிருக்கு. அங்க அதிகமா போடுற பிக்குவல் ரகத்துக்கு இது சீக்கிரம் பிடிக்கும், இத்தாலியோட ஃப்ரான்டோயோ ரகம் நல்லா தாங்கும். ஒருவாட்டி உள்ள போயிட்டா மரத்தை குணப்படுத்துற மருந்துன்னு ஒண்ணு இல்ல. தாங்குற ரகம் நடு, சுத்தமான நாத்து வாங்கு, பாதிச்ச கிளையை வெட்டி எரி, தண்ணியைக் குறை, நடுறதுக்கு முன்னாடி வெயில் காலத்துல மண்ணை நனைச்சு கண்ணாடி மாதிரி இருக்கிற பிளாஸ்டிக் போர்த்தி ஒரு மாசம் ரெண்டு மாசம் வேகவை. இவ்ளோதான்.

மருந்து இல்லைன்னு படிச்ச கையோட, "பெஞாக்கிட் லாயு (வாடல் நோய்) 100% சரியாகும்"னு ஒரு பச்சை பாக்கெட் கண்ணுல பட்டா யாருதான் வாங்க மாட்டாங்க. நானும் ஆர்டர் பட்டனை அமுக்கிட்டேன். 38 வெள்ளி, அனுப்புற கூலி தனி.

இப்ப சரக்குக்கு வரேன். ட்ரைக்கோடெர்மாங்கிறதும் ஒரு பூஞ்சைதான், ஆனா நல்ல பூஞ்சை. மண்ணுல மத்த பூஞ்சைங்களுக்கு எடமும் சாப்பாடும் இல்லாம வேகமா பரவும், சிலதை சுத்திக்கிட்டு அதோட தோலைக் கரைச்சு தின்னும். பவுடர் பார்க்க சாம்பல் கலந்த பச்சை, ராகி மாவு மாதிரி வழுவழுன்னு இருக்கு, வாசனை மழை பெஞ்ச மண்ணு மாதிரி. ஒரு கிராமுக்கு பத்து கோடி விதைன்னு பாக்கெட்ல போட்டிருக்கு. உள்ள ஒரு ஸ்பூன் இல்ல, அளவு சொல்ற பேப்பர் மலாய்ல மட்டும், அதுவும் எறும்பு எழுத்து. ஜிப் லாக் ரெண்டு நாள்ல பிஞ்சிடுச்சு.

முதல் பாக்கெட்டை ஆர்வக்கோளாறுல அப்படியே தண்ணில கலக்கி ஊத்தினேன். ஒரு மாசம் ஆச்சு, ரெண்டாவது கிளையும் சுருள ஆரம்பிச்சுடுச்சு. அப்பதான் எங்க அக்கா மகனுக்கு (தம்பின்னுதான் கூப்பிடுவேன்) போன் அடிச்சேன். அவன் செர்டாங்ல யு.பி.எம். பல்கலைக்கழகத்துல விவசாயம் படிச்சவன், இப்ப தெலுக் இந்தான் பக்கம் ஒரு செம்பனை தோட்டத்துல வேலை. வீடியோ கால்ல மரத்தைக் காட்டினேன், மரத்தைப் பார்க்காம பாக்கெட்டைத்தான் பார்த்தான்.

"சின்னம்மா, இது எப்ப தயாரிச்சது?"

பார்த்தா தேதி மேல இன்னொரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு. உரிச்சா அடியில இருக்கிறது ஒரு வருஷத்துக்கு மேல பழசு.

"சின்னம்மா, இது உரம் இல்ல, உசுரு. சூடான ஸ்டோர்லயும் லாரிலயும் கெடந்தா செத்துப்போயிடும், நீங்க ஊத்தினது வெறும் மாவா இருக்கலாம். கொஞ்சம் சோறு வடிச்சு ஆறவெச்சு டப்பாவுல போட்டு மேல தூவி மூடி வைங்க, காத்து போற மாதிரி. நாலஞ்சு நாள்ல பச்சையா பூத்தா உசுரு இருக்குன்னு அர்த்தம்."

ஆபீஸ் போற அவசரத்துல டப்பாவை அடுப்பு மேடையில வெச்சுட்டு போயிட்டேன், மாமியார் அதை நேத்து சோறுன்னு நெனச்சு தண்ணி ஊத்த போயிட்டாங்க, நல்லவேளை மொகர்ந்து பார்த்தாங்க. தயவுசெஞ்சு இதை செய்றவங்க டப்பா மேல எழுதி வைங்க, அந்த டப்பாவை திரும்ப சாப்பாட்டுக்கு எடுக்காதீங்க. எங்க டப்பாவுல ஏழு நாள் ஆயும் பச்சை வரல, கடைசில சும்மா கருப்பும் ஆரஞ்சுமா ஏதோ பூஞ்சை வந்துச்சு, அது சோத்துக்கு எப்பவும் வர்றது. ஆக முதல் 38 வெள்ளி சாக்கடைக்கு போச்சு. விக்கிறவர்கிட்ட படம் அனுப்பினேன், "ஐயம் சாரி சிஸ்"னு ஒரு பதில், அதோட முடிஞ்சுது. பேர் சொல்ல விரும்பல, அந்த ஒரு ஸ்டார் கொறைஞ்சதுக்கு காரணம் அவர்தான்னு வெச்சுக்குங்க.

அதே பாக்கெட், அதே கம்பெனி, வேற ஒருத்தர்கிட்ட வாங்கினேன். இந்தவாட்டி வாங்கறதுக்கு முன்னாடியே தயாரிச்ச தேதியை படம் எடுத்து அனுப்ப சொன்னேன், ரெண்டு மாசம்தான் ஆயிருந்துச்சு. வந்த அன்னைக்கே சோறு டெஸ்ட். மூணாம் நாள் வெள்ளையா பஞ்சு மாதிரி, அஞ்சாம் நாள் டப்பா பூரா பாசி பிடிச்ச மாதிரி பச்சை. சந்தோஷத்துல வாட்சாப் ஸ்டேட்டஸ்ல போட்டேன், எல்லாரும் என்ன கொழுக்கட்டைன்னு கேட்டாங்க. ஆக சரக்கு மோசம் இல்ல, எங்க எப்படி வெச்சிருந்தாங்கங்கிறதுலதான் இருக்கு. பச்சையா பூக்கிற வேற பூஞ்சையும் இருக்கு, அதனால இது நூத்துக்கு நூறு நிரூபணம் இல்லைன்னும் தம்பி சொன்னான், ஆனா ஒண்ணுமே பூக்காத பாக்கெட்டை விட இது எவ்வளவோ மேல்.

இப்ப மரத்துக்கு வரேன். அந்த வாரக் கடைசில தம்பி நேர்ல வந்தான். வந்து மொத வேலையா நான் பயந்துக்கிட்டிருந்த வெர்ட்டிசிலியத்தை சந்தேகப்பட்டான். அந்தப் பூஞ்சைக்கு 20லேர்ந்து 25 டிகிரி வாக்குலதான் கொண்டாட்டம், 30 தாண்டினா அடங்கிடும், ஸ்பெயின்லயே கடுங்கோடையில மரம் கொஞ்சம் மூச்சு விடும்னு சொல்வாங்க. நம்ம கோலாலம்பூர்ல மத்தியானம் 32, 33, போர்ச் சிமெண்டு மேல கேக்கவே வேணாம். "இல்லவே இல்லைன்னு சொல்லல சின்னம்மா, லேப்ல வளர்த்துப் பார்க்காம எதையும் அடிச்சு சொல்ல முடியாது, ஆனா நான் மொதல்ல வேற எடத்தைப் பார்ப்பேன்." கிளையை குறுக்க வெட்டி உள்ள பழுப்பு வளையம் இருக்கான்னு பார்க்கலாமேன்னு நான் படிச்ச மேதாவித்தனத்தைக் காட்டினேன். கத்திரி தக்காளிக்கு அது சரி, ஆலிவ்ல பல நேரம் உள்ள கலர் மாறாமலே இருக்கும், அதை நம்ப முடியாதுன்னான்.

அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து தொட்டியைச் சாச்சு மரத்தை வெளிய எடுத்தோம். ஐயோ அந்த நாத்தம். அடியில பாதி தொட்டிக்கு களிமண்ணு, செக்கச்செவேல்னு பிசுபிசுன்னு, அதுக்குள்ள வேர் எல்லாம் கருப்பு. ஒரு வேரை விரல்ல பிடிச்சு இழுத்தா மேல்தோல் சாக்ஸ் கழட்டுற மாதிரி கழண்டு வந்துடுச்சு, உள்ள நூல் மாதிரி ஒண்ணு மட்டும் நிக்குது. தொட்டி ஓட்டை அடைஞ்சு போயிருக்கு, கீழ நான் ஆசையா வெச்ச தட்டுல எப்பவும் தண்ணி. தம்பி சொன்னான் இது வேர் அழுகல், இந்த மாதிரி தோல் கழண்டா பெரும்பாலும் பித்தியம், பைட்டாப்தோரா குடும்பத்து வேலை, அதுங்க சரியா சொன்னா பூஞ்சையே இல்ல, தண்ணில நீந்திப் போற ஜாதி. வெர்ட்டிசிலியம் வேரை இப்படி அழுக வைக்காது, வேர் பார்க்க நல்லாத்தான் இருக்கும், அதான் அது திருடன். ஒரு பக்கத்து வேர் மட்டும் அழுகினதால அந்தப் பக்கத்து கிளை மட்டும் காஞ்சிருக்கு. மேல பார்த்தா ரெண்டும் ஒரே மாதிரி வாடல்தான்.

ஆலிவ் பொறந்த ஊர்ல வருஷத்துக்கு 500, 600 மில்லிமீட்டர் மழை. நம்ம ஊர்ல 2400க்கு மேல. அதுக்கும் மேல நான் தெனம் ஒரு வாளி. வறண்ட ஊரு மரம்னு கடைக்காரர் சொன்னது உண்மைதான், ஊத்தினாலும் சாகாதுன்னு சொன்னதுதான் பொய்.

செஞ்சது இது. அழுகின வேர் எல்லாம் வெட்டினோம், ஒவ்வொரு வெட்டுக்கும் கத்திரியை ஸ்பிரிட்ல துடைச்சு. காஞ்ச கிளை ரெண்டையும் பச்சை வர்ற எடம் வரைக்கும் வெட்டி குப்பைக்கு கட்டிப்போட்டேன், உரக்குழிக்கு போடல. பெரிய மண் தொட்டி, அடியில மூணு ஓட்டை, செங்கல் மேல தூக்கி வெச்சு, தட்டு கெடையாது. ஆத்து மணல், பெர்லைட், மக்கின உரம் கொஞ்சம், களிமண் துளிகூட இல்ல. அந்த மக்கின உரத்துலதான் இந்த பவுடரைக் கலந்தது, ஒரு வாளி உரத்துக்கு ஒரு கைப்பிடி, லேசா ஈரமாக்கி சாக்கு போட்டு மூடி நெழல்ல ஒரு வாரம் வெச்சு அப்புறம் கலந்தோம். சாயங்காலம்தான் போடணும், வெயில் பட்டா போச்சு. கொழாய்த் தண்ணியை வாளில பிடிச்சு ராத்திரி பூரா தொறந்து வெச்சுட்டு மறுநாள் ஊத்தணும், குளோரின் போகட்டும்னு. அதோட முக்கியமா, கார்பெண்டாசிம் மாதிரி பூஞ்சைக்கொல்லி போட்ட மண்ணுல இதை உடனே போட்டா அது இதையும் சேர்த்துக் கொன்னுடும். இதெல்லாம் பாக்கெட்ல ஒரு வரிகூட இல்லை, "100% சரியாகும்"னு எழுத மட்டும் எடம் இருந்திருக்கு.

ஏழு வாரம் கழிச்சு அடிமரத்துலேர்ந்து சின்னதா ஒரு துளிர். இப்ப நாலு. மரம் பாதி மொட்டை, மக்சிக் பார்த்தா பாவம்னு சொல்வாங்க, ஆனா உசுரோட இருக்கு. இதுக்கு பவுடருக்கு எவ்ளோ பங்குன்னு கேட்டா மனசாட்சியோட சொல்றேன், தெரியாது, தொட்டி மாத்தினதும் தட்டைத் தூக்கிப் போட்டதும்தான் காப்பாத்தியிருக்கும்னு நெனக்கிறேன். கிளை வாடினப்புறம் பவுடர் தேடினது கண்ணு கெட்டப்புறம் சூரிய நமஸ்காரம் பண்ணின கதை.

அதனாலதான் கத்திரில ஒரு டெஸ்ட் வெச்சேன், பவுடருக்கும் ஒரு நியாயம் கெடைக்கணும் இல்ல. போன தடவை கத்திரி வாடி செத்த பழைய மண்ணு, ஆறு தொட்டி, மூணுல பவுடர் கலந்த உரம், மூணுல வெறும் உரம், எல்லாம் ஒரே நாள் நட்ட நாத்து. மூணு மாசத்துல வெறும் உரத்துல ரெண்டு செத்துச்சு, பவுடர் போட்டதுல ஒண்ணு. இதை வெச்சு யாரும் ஆராய்ச்சி கட்டுரை எழுத முடியாது, ஆனா சுவாரஸ்யம் செத்த விதத்துலதான். வெறும் உரத்துல செத்த ரெண்டும் கீழ் இலை மஞ்சளாகி, ஒரு பக்கமா, மெதுவா போச்சு, தண்டை வெட்டினா உள்ள பழுப்பு. அது பூஞ்சை வாடலோட அடையாளம், நம்ம ஊர்ல ஃபூசேரியம்னு ஒண்ணு ஆடும், பீசாங் பெராங்ஙான் வாழைத் தோட்டத்தையெல்லாம் காலி பண்றதும் அதோட சொந்தக்காரன்தான். பவுடர் போட்டு செத்தது வேற மாதிரி, காலைல நல்லா இருந்துச்சு, மத்தியானம் பச்சையாவே தலை தொங்கிடுச்சு, மஞ்சளே ஆகல. தம்பி சொன்னபடி தண்டை வெட்டி கண்ணாடி கிளாஸ் தண்ணில நேரா தொங்கவிட்டேன், ரெண்டு மூணு நிமிஷத்துல வெட்டின எடத்துலேர்ந்து பால் நூல் மாதிரி வெள்ளையா எறங்குது. அது பாக்டீரியா வாடல். அதுக்கு இந்த பவுடரை குத்தம் சொல்லி பிரயோஜனம் இல்ல, ஆனா பாக்கெட்ல "எல்லா வாடலும்"னு போட்டிருக்கானே, அதுக்கு அரை ஸ்டார் கட். அந்த கிளாஸ் டெஸ்ட்டுக்கு காசே இல்ல, கத்திரி தக்காளி மொளகா வாடினா பவுடர் வாங்கறதுக்கு முன்னாடி அதைப் பண்ணிப் பாருங்க. ஆலிவ்ல இது உதவாது.

எங்கப்பா தோட்டத்துல வேலை செஞ்சவர். செம்பனை மரம் கனோடெர்மாங்கிற பூஞ்சை பிடிச்சு சாஞ்சா வெட்டிப் போட்டதோட விட மாட்டாங்க, அடிக்கட்டை வேர்னு ஆள் உயரக் குழி தோண்டி எடுப்பாங்க, அடுத்து நடுற கன்னுக்கு அதுலேர்ந்துதான் ஒட்டும்னு. சின்ன வயசுல செத்த மரத்துக்கு எதுக்கு இவ்ளோ பாடுன்னு கேப்பேன். என் தொட்டி பழைய மண்ணைத் தூக்கிப் போட மனசு வராம திரும்பத் திரும்ப பாவிச்சப்ப அவரைத்தான் நெனச்சுக்கிட்டேன். பாக்டீரியா வந்த அந்த ஒரு தொட்டி மண்ணை இப்ப குப்பைல கட்டிப் போட்டாச்சு, தொட்டியை குளோராக்ஸ் பிளீச் போட்டு தேச்சாச்சு.

யார் வாங்கலாம்: புதுசா நாத்து நடப்போறவங்க, தொட்டி மாத்தப்போறவங்க, வீட்டுல உரம் போடுறவங்க. ஒரு செடி வாடிட்டிருக்கு, அவசரம்னு வாங்குறவங்க வேணாம், மொதல்ல செடியைச் சாச்சு வேரைப் பாருங்க. 1 கிலோவும் வேணாம், பத்து தொட்டி வெச்சிருக்கிற எனக்கே எட்டு மாசத்துல பாதிதான் ஆச்சு, தொறந்த பாக்கெட் நாளாக நாளாக செத்துக்கிட்டே வரும், 200 கிராம் கெடைச்சா அது போதும். விக்கிறவர்கிட்ட தேதி போட்டோ கேளுங்க, அனுப்ப மாட்டேன்னா வேற ஆளைப் பாருங்க.

மீதி அரை கிலோவை ஹார்லிக்ஸ் பாட்டில்ல போட்டு ஃபிரிட்ஜ் கீழ்தட்டுல வெச்சிருக்கேன். மேல மார்க்கர்ல பெரிசா "மரத்து மருந்து"ன்னு எழுதியாச்சு, ஆனாலும் இட்லி மாவுக்கு பக்கத்துல வைக்கக்கூடாதுன்னு வீட்டுல உத்தரவு, இப்ப காய்கறி டப்பாவுக்கு மாறியிருக்கு. நாளைக்கு மறுபடி சோறு டெஸ்ட் போடப்போறேன், பூத்தா இங்கயே சொல்றேன்.